மிஷின் கோலம் போடும், மொதல்ல போர்டை மாட்டு

ஏம்பா பேராண்டி, நீ செவுத்துல படம் வரையற மிஷின் கட்டுறியாமே? வேங்கிக்கால் ஏரிக்கரை வரைக்கும் சேதி வந்துடுச்சு. மேல ரெண்டு மூலையிலயும் மோட்டாராம், நடுவுல தொங்குற பேனாவாம், லேப்டாப்ல ஒரு தட்டு தட்டுனா அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரத்தோட 11 நிலையும் தாள்ல எறங்கிடுமாம். மவராசனா இரு. 217 அடிக் கோபுரத்தை ரெண்டடித் தாள்ல எறக்குறவன் லேசுப்பட்டவனா? ஆனா ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காத. அந்தக் கோபுரத்தைக் கட்டுனவங்க மொதல்ல கலசத்தையா வெச்சாங்க?

உன்னைப் பாத்தா அப்படித்தான் தெரியுது. எந்தக் கோலம், எந்தக் கலர் பேனா, தீபத்தன்னிக்கு யார் யாரைக் கூப்பிட்டுக் காட்டுறது, வீடியோவுக்கு எந்தப் பாட்டு, எல்லாம் முடிவாயிடுச்சு. கண்ட்ரோல் போர்டு எங்கடான்னு கேட்டா, டிவிப் பொட்டி பக்கத்துல முறுக்கு டப்பா மூடி மேல கெடக்குது. டப்பா தகர டப்பா. போர்டுக்கு அடியில ஈயம் வெச்ச முனை ஒவ்வொண்ணும் ஊசி ஊசியா நீட்டிக்கினு இருக்குது. மேல 12 வோல்ட்டு வரப் போவுது. உங்க ஆயா முறுக்கு சுட்டு வெச்ச டப்பாவுல நீ போர்டைச் சுடப் போறே.

நான் ஒண்ணும் கம்ப்யூட்டர் படிச்சவன் இல்ல. வேலூர் ரோட்டோரம் ஒக்காந்து கெணத்து மோட்டாருக்குக் காயில் கட்டி வயித்தைக் கழுவுனவன். படம் வரையத் தெரியாது. வாசல்ல போட்ட கோலத்தை மிதிக்காம தாண்டத் தெரியும், அவ்ளோதான். ஆனா ஒயரு எங்கிட்ட பேசும். உங்கிட்ட பேசலைன்னா அது ஒயர் மேல தப்பு இல்ல, நீ காதுல ஹெட்போனை மாட்டிக்கினு இருக்கே.

மொதல்ல உன் மிஷினைக் கொஞ்சம் புகழ்ந்துடறேன், அப்பறம் திட்டுறதுக்கு எடம் வேணும் இல்ல. நல்ல வம்சத்துல வந்த மிஷினுதான் அது. 2002-ல யூர்க் லேனின்னு ஒரு சுவிட்சர்லாந்துக்காரரும், ஊலி ஃப்ராங்கேன்னு ஒரு இஞ்சினியரும் சேர்ந்து ஹெக்டர்னு ஒண்ணு கட்டுனாங்க. ரெண்டு மோட்டாரு, பல்லு வெச்ச பெல்ட்டு, நடுவுல பேனாவுக்குப் பதிலா ஸ்ப்ரே பெயின்ட் டப்பா. மொத்தமும் ஒரு சூட்கேசுல அடங்கும். அந்த சூட்கேசுக்குள்ள சர்க்யூட் போர்டுக்குன்னும் ஒரு எடம் இருந்துச்சு, கவனிச்சுக்கோ. அப்பறம் சாண்டி நோபிள்னு ஒருத்தரு போலார்கிராஃப்னு பண்ணி, அதோட ப்ரோகிராமை எல்லாரும் எடுத்துக்கலாம்னு தொறந்து விட்டுட்டாரு. அந்தப் புண்ணியத்துலதான் நீ இன்னிக்கி வேங்கிக்கால்ல இஞ்சினியரு.

இன்னும் பழசு வேணும்னா ஆரணிக்குப் போ, நம்ம ஜில்லாதான். பட்டுத் தறி தலைமேல ஒக்காந்திருக்கற ஜக்கார்டு பொட்டியைப் பாரு. பிரெஞ்சுக்காரரு ஜக்கார்டு 1804-லயே பண்ணுன சங்கதி. அட்டையில ஓட்டை இருந்தா ஊசி உள்ள போவும், பாவு நூலு ஏறும். ஓட்டை இல்லைன்னா ஏறாது. சேலையில மாங்காயும் மயிலும் அப்படித்தான் வருது. அந்தப் பொட்டியை நெசவுக்காரரு முறுக்கு டப்பா மேல வெக்கலை. தறி மரத்துல போல்ட்டு போட்டு முறுக்கி வெச்சிருக்காரு.

சரி, உன் போர்டுக்கு வரேன். ரிச்சி ஸ்ட்ரீட்லேர்ந்து நீ வாங்கியாந்தது ஆர்டுயினோ ஊனோ ஒண்ணு, அது மேல குந்துற சி.என்.சி. ஷீல்டு ஒண்ணு, அதுல சொருகுற ஏ4988 டிரைவரு ரெண்டு. ஊனோவுல நாலு ஓட்டை விட்டிருக்கான் பாரு. எதுக்குன்னு நெனச்சே, காத்தாட போறதுக்கா? 3 மில்லி திருகு எறங்குற ஓட்டை அது. அடியில பிளாஸ்டிக் ஸ்பேசர் குடுத்து ஒரு சென்டிமீட்டரு தூக்கி, பிளைவுட்டுல முறுக்கு. நாலுல ஒண்ணு சாக்கெட்டு வரிசையை ஒட்டிக்கினு இருக்கும். அங்க அகலத் தலைத் திருகு ஒக்காராது. நைலான் திருகு போடு, இல்லைன்னா மூணோட விடு. நாலாவதையும் போட்டே தீருவேன்னு சுத்தியலைத் தேடாத.

ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்பு போதும் தாத்தான்றே. தாராளமா ஒட்டு. சித்திரையில நம்ம ஊரு 40 டிகிரியைத் தொடுறப்போ கோந்து இளகும், போர்டு எறங்கி வரும். வர்றப்போ தனியா வராது, ஒயரு அத்தனையையும் கையைப் புடிச்சு இட்டுக்கினு வரும். அப்பறம் எந்த ஒயரு எங்க இருந்துச்சுன்னு நீயும் உன் ஃபிரெண்டும் ராத்திரி பூரா போட்டோவைப் பெருசாக்கிப் பாத்துக்கினு ஒக்காரலாம். பொழுது போவும்.

அந்த ஷீல்டை ஊனோ மேல அமுக்குறதுக்கு முன்னாடி ஒரு சூட்சுமம் சொல்றேன், கிட்ட வா. ஊனோவோட யூ.எஸ்.பி. சாக்கெட்டு ஒரு தகரக் கூண்டு. ஷீல்டோட அடிவயித்துல நீட்டிக்கினு இருக்கற ஈய முனை சிலது அந்தக் கூண்டு முதுகுல போய் ஒரசும். மேலேர்ந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. பக்கவாட்டுல கண்ணை வெச்சு, அந்தாண்ட டார்ச் அடிச்சுப் பாத்தாத்தான் சந்து இருக்குதா இல்லையான்னு தெரியும். கூண்டு மேல கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ரெண்டு மடிப்பா ஒட்டிட்டு அப்பறம் அமுக்கு. ரெண்டு ரூவா வேலை. இதை விட்டுட்டு, போர்டு வாங்குன கடைக்காரனைத் திட்டாத.

எங்க மாட்டுறதுன்னு கேட்டா, ரெண்டு மோட்டாருக்கும் நடுமத்தியில, மேல் விளிம்புல. ரெண்டு பக்கமும் ஒயரு ஒரே நீளமா போவும், பாக்கவும் லட்சணமா இருக்கும். பெல்ட்டு போற வழி, எதிர் எடை தொங்குற வழி ரெண்டையும் விட்டு ஒதுங்கி மாட்டு. வெளிச்செவுத்துல நேரா ஒட்ட வெக்காத. ஐப்பசி, கார்த்திகையில நம்ம செவுரெல்லாம் ஓதம் ஏறி நிக்கும். செவுத்துக்கும் பிளைவுட்டுக்கும் நடுவுல ஒரு வெரல் சந்து விடு. சந்து விட்டா பல்லி பூந்துடும்னு உங்க ஆயா சொல்லும். அதுவும் நெசந்தான். கொசுவலைத் துண்டை வெட்டி ஒட்டு. காத்து போவணும், பல்லி போவக்கூடாது.

மோட்டாரு மாட்டுற கிளாம்பை 3டி பிரிண்டர்ல அடிச்சு எடுத்தாந்திருக்கே. வழுவழுன்னு ஜோரா இருக்குது. பி.எல்.ஏ. பிளாஸ்டிக்குன்னு சொன்னே. அது 60 டிகிரி வாக்குல இளக ஆரம்பிக்கும், அது தெரியுமா? உன் ஸ்டெப்பர் மோட்டாரு ஓடுறப்போ மட்டும் இல்ல, நிக்கிறப்பவும் கரண்டு இழுக்கும். அசையாம புடிச்சுக்கினு நிக்கிறதே அதுக்கு வேலை. நான் பாத்த மோட்டாரு எல்லாம் ஒழைச்சா சூடாவும், இது ஒக்காந்துக்கினே வேர்த்து ஊத்துது. ஊருல சில பெரிய மனுஷங்க நெனப்பு வந்துச்சு, விடு. கிளாம்பை அலுமினியத்துல இல்லைன்னா மரத்துல பண்ணிக்கோ. பிளாஸ்டிக்குதான் வேணும்னா மோட்டாருக்கும் அதுக்கும் நடுவுல ஒரு தகடாவது குடு.

இப்ப மோட்டாரு ஒயரு. இங்கதான் நீ என் பேட்டைக்குள்ள வரே, செருப்பைக் கழட்டிட்டு வா.

மோட்டார்லேர்ந்து நாலு ஒயரு வருது. கறுப்பும் பச்சையும் ஒரு ஜோடி, சிவப்பும் நீலமும் ஒரு ஜோடின்னு வீடியோவுல ஒருத்தன் சொன்னான்னு அப்படியே சொருகப் போறே. அவன் கையில இருந்த மோட்டாருக்கு அது சரி. கம்பெனிக்குக் கம்பெனி கலரு மாறும். உள்ள இருக்கறது ரெண்டே காயில், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இல்லாம. ஒவ்வொரு காயிலுக்கும் ரெண்டு முனை. எந்த ரெண்டு முனை ஒரே காயிலுதுன்னு கண்டுபுடிக்கணும். மல்டிமீட்டரை பீப் அடிக்கிற எடத்துல வெச்சு ரெண்டு ரெண்டு ஒயரா தொட்டுப் பாரு, சத்தம் வந்தா ஜோடி.

மீட்டரை யாரோ வாங்கிட்டுப் போயிட்டாங்களா? அதுவும் நல்லதுதான். ரெண்டு ஒயரோட முனையை உரிச்சு, ஒண்ணோட ஒண்ணு சேத்து முறுக்கு. இப்ப மோட்டாரோட தண்டைக் கட்டைவெரலாலயும் ஆள்காட்டி வெரலாலயும் புடிச்சு மெதுவா சுத்து. முன்ன இருந்த மாதிரியே வழுக்கிக்கினு சுத்துச்சுன்னா அது ஜோடி இல்ல, பிரிச்சுட்டு வேற ரெண்டை எடு. தண்டு பிகு பண்ணிக்கினு, கடக்கு கடக்குன்னு வெரலை எதுத்து நின்னா அதுதான் ஜோடி. தண்டு சுத்துறப்போ உள்ள இருக்கற காந்தம் காயில்ல கரண்டை உண்டு பண்ணுது. முனை ரெண்டும் சேர்ந்து இருக்கறதால அந்தக் கரண்டு காயிலுக்குள்ளயே சுத்தி வந்து உன் வெரலையே தடுக்குது. இதுக்கு பேட்டரி வேணாம், நெட்டு வேணாம், எங்கிட்ட வந்து தலையைச் சொறியவும் வேணாம். ஒரு தரம் வெரலு கத்துக்கிச்சுன்னா சாவற வரைக்கும் மறக்காது.

ஜோடியை மாத்திக் குடுத்தேன்னு வெச்சுக்கோ, மோட்டாரு சுத்தாது. நின்ன எடத்துலயே கர்ருன்னு உறுமிக்கினு நடுங்கும். ப்ரோகிராம்ல கோளாறுன்னு நீ லேப்டாப்பை மூணு நாள் நோண்டுவே. ஜோடி சரியா இருந்து எதிர்ப்பக்கம் சுத்துச்சுன்னா கவலைப்படாத. பவரை நிறுத்திட்டு அந்த நாலு முனை பிளக்கைத் திருப்பிச் சொருகு, சரியாயிடும். ரெண்டு மோட்டாரும் எதிரெதிர் மூலையில இருக்கறதால, பெல்ட்டை விடறதுக்கு ஒண்ணு வலமா சுத்துனா இன்னொண்ணு இடமா சுத்தணும். அண்ணாமலையை வலமா மட்டுந்தான் சுத்தணும், உன் மோட்டாருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்ல.

கிரிவலம்னதும் ஞாபகம் வருது. உன் மோட்டாரு ஒரு சுத்துக்கு 200 அடி வெக்கும், அடிக்கு 1.8 டிகிரி. டிரைவருக்கு அடியில மூணு ஜம்பரையும் போட்டேன்னா ஒவ்வொரு அடியையும் 16 ஆக்கிடும், ஆக மொத்தம் சுத்துக்கு 3,200. ஜி.டி.2 பெல்ட்டுல 20 பல்லு புல்லி ஒரு சுத்துக்கு 40 மில்லி விடும். வகுத்துப் பாரு, ஒரு மில்லிக்கு 80 அடி. இதே கணக்குல உன் மிஷினு 14 கிலோமீட்டரு கிரிவலம் போச்சுன்னா 112 கோடி அடி வெச்சு முடிக்கணும். புண்ணியம் உனக்கா, மோட்டாருக்கான்னு எனக்குத் தெரியாது. நான் சொல்ல வந்தது வேற. மூணு ஜம்பரையும் டிரைவரைச் சொருகுறதுக்கு முன்னாடியே போடணும். சொருகுன பெறவு அது அடியில மாட்டிக்கும், கையே போவாது. நீ சொருகிட்டே, எனக்குத் தெரியும். மூஞ்சியே சொல்லுது.

அதைக் கழட்டுறப்போ எந்தப் பக்கம் சொருகியிருந்தேன்னும் பாத்துக்கோ. ஷீல்டுல ஒவ்வொரு டிரைவர் எடத்துலயும் ஒரு மூலையில இ.என்.னு எழுதியிருக்கும், டிரைவர் போர்டுலயும் இருக்கும். ரெண்டும் ஒரே மூலைக்கு வரணும். குட்டித் திருகு எந்தப் பக்கம் இருக்குதுன்னு பாத்து சொருகுறவன் ஏமாந்து போவான். டி.ஆர்.வி.8825-ன்னு இன்னொரு டிரைவரு இருக்குது, அதுல திருகு எதிர்ப்பக்கம் இருக்கும். எழுத்தைப் பாத்து சொருகு. திருப்பிச் சொருகுனா மிஷினு வரையாது, புகைதான் விடும். சாம்பிராணின்னு நெனச்சு உங்க ஆயா கையெடுத்துக் கும்புடும்.

அந்தக் குட்டித் திருகு எதுக்குன்னு கேட்டா நீ மழுப்புறே. மோட்டாருக்கு எத்தனை ஆம்பியர் விடணும்னு சொல்றது அதுதான். டிரைவர்ல ரெண்டு குட்டிக் கறுப்பு ரெசிஸ்டர் இருக்கும், பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தா ஆர்100, ஆர்068, ஆர்050ன்னு ஏதோ ஒண்ணு எழுதியிருக்கும். ஆர்100ன்னா 0.1 ஓம். மீட்டரோட கறுப்பு முனையை கிரவுண்டுல வை, சிவப்பை அந்தத் திருகு தலையிலயே வை. வர்ற வோல்ட்டை, அந்த ஓம்மை எட்டால பெருக்கி வர்றதால வகுத்தா ஆம்பியர். 0.8 வோல்ட்டு காட்டுச்சுன்னா ஆர்100-க்கு 1 ஆம்பியர். ஆர்068-க்கு கிட்டத்தட்ட ஒண்ணரை. ஆர்050-க்கு 2 ஆம்பியர். பாத்தியா, வீடியோக்காரன் சொன்ன அதே 0.8-ஐ வெச்சுட்டு, ஒருத்தன் மோட்டாரு ஜில்லுன்னு ஓடுது, இன்னொருத்தன் டிரைவரு கொப்புளம் கட்டுது. ஹீட் சிங்க் ஒட்டாத ஏ4988, 1 ஆம்பியருக்கு மேல மூச்சு வாங்கும். உன் பேனாவும் தாங்கியும் என்ன கனம்? அதுக்கு 1 ஆம்பியர் தாராளம்.

இதை அளக்குறதுக்கு 12 வோல்ட்டு வேணவே வேணாம், யூ.எஸ்.பி. குடுத்தாலே போதும். திருப்புற திருப்புளி பிளாஸ்டிக்கோ பீங்கானோ முனை வெச்சதா இருக்கட்டும். இரும்புத் திருப்புளி வழுக்குச்சுன்னா பக்கத்துக் காலைத் தொடும். ஹீட் சிங்க்கை ஒட்டுறப்பவும் அதே ஜாக்கிரதை வேணும், கோணலா ஒட்டி அது ஓரத்துக் காலைத் தொட்டுக்கினு இருக்கக்கூடாது.

அடுத்தது கண்டன்சரு. 12 வோல்ட்டு உள்ள வர்ற எடத்துல 100 மைக்ரோஃபாரட்டு ஒண்ணாவது இருக்கணும். ஷீல்டுலயே வெச்சிருப்பான், இருக்குதான்னு கண்ணால பாரு. ஏன்னு கேளு. அந்த டிரைவரு 35 வோல்ட்டு வரைக்கும் தாங்கும், நீ குடுக்கறது 12 தான், அப்பறம் என்ன பயம்? நீளமான ஒயர்ல திடீர்னு கரண்டை விட்டா அந்தக் கண நேரத்துக்கு வோல்ட்டு எகிறும், 35-ஐத் தாண்டியும் குதிக்கும். கண்டன்சரு நடுவுல இருந்தா அந்தக் குதிப்பை வாங்கிக்கும். அதுக்கும் பிளஸ், மைனஸ் உண்டு, மாத்துனா வெடிக்கும். தீபாவளிக்குப் பட்டாசு வாங்குற காசு மிச்சம்னு உங்கப்பன் வேணா சந்தோஷப்படுவான்.

இதைவிடப் பெரிய பாவம் ஒண்ணு இருக்குது. பவரு ஓடிக்கினு இருக்கறப்போ மோட்டார் பிளக்கைப் புடுங்குறது. காயில்ல ஓடுற கரண்டை நடுவுல வெட்டுனா அது சும்மா போவாது, போறப்போ டிரைவரை ஒரு எத்து எத்திட்டுப் போவும். கெணத்து மோட்டார்ல சுவிட்சை அணைக்கிறப்போ நீலமா ஒரு பொறி வரும் பாத்திருக்கியா, அது இந்தக் கோவந்தான். அடாப்டரைக் கழட்டு, அப்பறம் பிளக்கைத் தொடு. பக்கத்துலதான் கலெக்டர் ஆபீசு, திங்கக்கெழமை மனு குடுக்கலாம், இல்லைன்னு சொல்லலை. ஆனா செத்த டிரைவரை உசுப்பச் சொல்லி எந்தக் கலெக்டருக்கும் மனு எழுத முடியாது.

12 வோல்ட்டு வர்ற ரெண்டு திருகு டெர்மினல்ல பிளஸ் எது, மைனஸ் எதுன்னு ரெண்டு தரம் பாரு. அங்க மாத்திக் குடுத்தா காப்பாத்த ஆளு கெடையாது. பிளஸ் ஒயர்ல ஒரு 3 ஆம்பியர் ஃப்யூஸ் போடு, ஒரு சுவிட்சும் போடு. அந்த ஒயரு முனையில ஈயம் வெச்சு கெட்டியாக்கி முறுக்குனா நல்லாப் புடிக்கும்னு நெனப்பே. புடிக்கும், பத்து நாளைக்கு. திருகு அமுக்க அமுக்க ஈயம் நசுங்கி வெலகிக்கினே போவும், பிடி தளரும், தளந்த எடம் சூடாவும். முனையில செம்புக் குழல் போட்டு நசுக்கி சொருகு. கெடைக்கலைன்னா பிரிகளை ஒண்ணா முறுக்கி, மடக்கி, வெறும் செம்பா வை. ஒரு பிரி கூட வெளிய நீட்டிக்கினு பக்கத்து டெர்மினலை எட்டிப் பாக்கக்கூடாது.

மோட்டார் ஒயரு ரெண்டு ரெண்டா பின்னிக்கினு போவட்டும். போர்டுக்கு வர்றதுக்கு ஒரு சாண் முன்னாடி பிளைவுட்டுல ஒரு கட்டு போடு. யாராவது கால்ல மாட்டி இழுத்தா கட்டு தாங்கணும், சாக்கெட்டு தாங்கக்கூடாது. யூ.எஸ்.பி. ஒயருக்கும் அதே கட்டு. இதுக்கு மேல ஒயரைப் பத்தி நீட்ட மாட்டேன், உனக்குக் கொட்டாவி வருது.

பேனாவைத் தூக்குற சர்வோ, அதான் எஸ்.ஜி.90, வெறும் 9 கிராம். ஆளு சின்னது, தொல்லை பெருசு. அது ஒதறுறப்போ ஒரு இழுப்பு இழுக்கும். ஊனோவோட 5 வோல்ட்டுலேர்ந்தே அதுக்கும் குடுத்தா ஊனோ மயக்கம் போட்டு எழுந்து மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும். தனியா ஒரு 5 வோல்ட்டு குடு, கிரவுண்டை மட்டும் ரெண்டுக்கும் ஒண்ணா சேரு. அது ஒயரு மேலேர்ந்து பேனா தாங்கிக்குத் தொங்குது இல்ல, அதை வெறைப்பா விட்டா பேனாவை ஒரு பக்கமா இழுக்கும், கோடு சாயும். மெல்லிசா, தாராளமா, வளைச்சு விடு.

இல்லைன்னா ஒரு குறுக்கு வழி சொல்லட்டுமா? சர்வோவே வேணாம். சிக்குக் கோலம் போடு. நல்லா அமைஞ்ச சிக்குக் கோலத்துல கோடு ஒரே இழுப்பா எல்லாப் புள்ளியையும் சுத்திட்டு ஆரம்பிச்ச எடத்துலயே வந்து சேரும். பேனாவைத் தூக்குற வேலையே இல்ல. மூணு ஒயரு மிச்சம், ஒரு தலைவலி மிச்சம். புள்ளி வெக்கிறதுக்குத் தூக்கணுமேன்னு கேப்பே. மிஷினு கோடு போட்டு முடிக்கட்டும், புள்ளியை உங்க ஆயா வெச்சுக் குடுக்கும். கூலி ஒரு வெத்தலைக் கட்டு.

சிரிக்காத, இந்தக் கோலத்தைப் படிச்சவங்க எப்பவோ கம்ப்யூட்டர்கிட்ட கொண்டு போயிட்டாங்க. தாம்பரத்து மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜு கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனும் சேர்ந்து 1974-ல கோலத்தைப் பத்தி ஒரு கட்டுரை போட்டாங்க. கோலத்தைச் சின்னத் துண்டாப் பிரிச்சு, எதுக்குப் பக்கத்துல எது வரலாம்னு விதி எழுதி, அந்த விதியைத் திரும்பத் திரும்ப ஓட்டுனா கோலம் தன்னால வளரும்னு காட்டுன கட்டுரை. கிருஷ்ணன் கொலுசுன்னு ஒரு கோலம் உண்டு, அதை இன்னிக்கும் வெளிநாட்டுக்காரன் கம்ப்யூட்டர் புஸ்தகத்துல போட்டுக் காட்டுறான். உன் ஆர்டுயினோ இத்தாலியில பொறந்தது 2005-ல. அதுக்கு 31 வருஷம் முந்தியே தாம்பரத்துல கோலத்துக்குக் கணக்கு எழுதியாச்சு. நீ புதுசா கண்டுபுடிக்க மிச்சம் இருக்கறது போர்டை ஒழுங்கா மாட்டுறது ஒண்ணுதான்.

எல்லாம் மாட்டியாச்சுன்னு வெச்சுக்கோ. டேப்பை எடுத்து ரெண்டு புல்லிக்கும் நடுவுல தூரத்தை அள. மிஷினுக்கு இருக்கற அறிவு அத்தனையும் அந்த ஒரு அளவை நம்பித்தான். 100 சென்டி தூரம்னா, நட்ட நடுவுல 50 சென்டி கீழ இருக்கற பேனாவுக்கு ஒவ்வொரு பக்கமும் 70.7 சென்டி பெல்ட்டு. இன்னும் 10 சென்டி எறங்குனா 78.1, அதுக்கடுத்த 10-க்கு 86. ஒரே 10 சென்டிக்கு மொத தரம் 7.4, மறுதரம் 7.9 விடுது பாரு. பேனா நகர நகர இந்தக் கணக்கும் மாறிக்கினே இருக்கும், போர்டு ஒவ்வொரு இணுக்குக்கும் கணக்குப் போட்டுக்கினே ஓடும். நீ 100-ன்னு எழுதிட்டு மோட்டாரை 97-ல மாட்டியிருந்தா, வட்டம் போடச் சொன்னா முட்டை போடும். மேல ரொம்ப ஒட்டியும் வரையாத. அங்க பெல்ட்டு கிட்டத்தட்ட படுத்துடும், மோட்டாருக்கு இழுவை தாங்காது, அடி தவறும். நடுப்பாகம்தான் நல்ல மனை.

நடுவுல கரண்டு போனா? போகும், நம்ம ஊரு கரண்டு ஆச்சே. மோட்டாரு பிடியை விட்டுடும், பேனா எறங்கிடும், எங்க இருந்தோம்னு போர்டுக்கு ஞாபகம் இருக்காது. பெல்ட்டு மறு முனையில எதிர் எடையைச் சரியாக் கட்டியிருந்தா பேனா தொபீர்னு விழாது, நின்ன எடத்துலயே நிக்கப் பாக்கும். ஆனாலும் கரண்டு வந்ததும் விட்ட எடத்துலேர்ந்து ஓட்டாத. பேனாவைக் குறிச்சு வெச்ச ஆரம்பப் புள்ளிக்குக் கையால கொண்டாந்து வெச்சுட்டுத்தான் ஓட்டணும். அந்தப் புள்ளியை இன்னிக்கே பென்சிலால பலகையில குறிச்சு வை. குறிக்காம ஓட்டுனா பாதி கோபுரம் தாள்லயும் மீதி செவுத்துலயும் வரும்.

தீபத்துக்கு இன்னும் நாள் இருக்குது, அவசரப்படாத. நாளைக்கு மொத ஓட்டம் ஓட்டுறப்போ பேனா மூடியைக் கழட்டாத. மூடியோடவே கோலம் பூரா ஒரு சுத்து வரட்டும், ஒரு கையை சுவிட்சு மேல வெச்சுக்கினு பாரு. ரெண்டாவது ஓட்டம் போன வருஷத்துக் காலண்டரு தாள் பின்பக்கத்துல. அதுவும் சரியா வந்தாத்தான் நல்ல தாளைத் தொடு. செவுத்துல மட்டும் நேரா வரையாத, போன பொங்கலுக்குத்தான் வெள்ளையடிச்சிருக்குது, உன் பேனா மசி சுண்ணாம்புல எறங்குனா மறுபடி அடிக்கிற கூலி உன்னுது.